பிக்கப் இஞ்சினில் சத்தம்: எப்படிக் கேட்பது, எதை ஊற்றுவது, எதை ஊற்றக் கூடாது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே பர்மாவில், மோல்மீனில் மழை விட்டதும் தோட்டத்து ரப்பர் ஷீட் ஏற்றும் வேலை சூடு பிடிக்கும். நாலைந்து மாதம் மழையிலும் சேற்றிலும் அரைபட்ட பிக்கப்புகள் அப்போதுதான் பட்டறைக்கு வரிசையாக வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு டப்பாவும் இருக்கும். "அண்ணே, இதை ஊற்றினால் சத்தம் நிற்கும் என்று கடையில் சொன்னார்கள், ஊற்றட்டுமா?" என்பார்கள். 28 வருஷமாக இந்த வண்டிகளோடுதான் என் பிழைப்பு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன். சுசுகி கேரி போன்ற பெட்ரோல் வண்டிக்கு வேறாக இருந்தால் அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது. முதலில் என்ன செய்வது?

இஞ்சினை நிறுத்துங்கள், சமதரையில் 10 நிமிஷம் விடுங்கள், ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சத்தம் என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு ஆயில் குறைவாக இருப்பதுதான் காரணம். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுக் கேளுங்கள்.

அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் அதிகமாக ஊற்றவில்லை என்றால், டீசல் இஞ்சின் ஆயிலுக்குள் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். விரலில் தொட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும். பால் டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. இஞ்சின் ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். "பக்கத்தில்தானே பட்டறை, மெதுவாகப் போய்விடலாம்" என்று அரை மைல் ஓட்டியவர்கள் கிராங்க் என்ற இஞ்சினின் முக்கியத் தண்டையே மாற்றியிருக்கிறார்கள். கயிறு கட்டி இழுத்து வாருங்கள்.

சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் நாட்டில் 1970லிருந்து வண்டி சாலையின் வலது பக்கம் ஓடுகிறது. ஆனால் நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். முந்திப் போகும்போது இது தொல்லை. சத்தம் கேட்பதற்கோ நல்ல வசதி. டிரைவர் சாலை ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பதால், நீளமான மதிற்சுவர் ஒன்றின் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால், இஞ்சின் ஓசை சுவரில் பட்டுக் காதுக்கே திரும்பி வரும். திறந்த வெளியில் காதுக்கு எட்டாத சின்ன டிக்டிக் சத்தம்கூட சுவர் ஓரத்தில் பளிச்சென்று கேட்கும். மூன்றாவது கியரில் ஒரு தடவை, நியூட்ரலில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நியூட்ரலிலும் இஞ்சின் அதே வேகத்தில் சுற்றும்போது கேட்டால் இஞ்சின் பக்கம், சக்கரத்தின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் பின் ஆக்ஸில் அல்லது வீல் பேரிங்.

வண்டியை நிறுத்திப் பார்க்க நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்று போதும். நுனியை இஞ்சின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். முதலில் சத்தமில்லாத இடத்தில் வைத்துக் காதைப் பழக்குங்கள். பிறகு மேலே வால்வ் கவர், பக்கத்தில் பிளாக், கீழே சம்ப் (ஆயில் தங்கும் தொட்டி) என்று நகருங்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து எண்ணும் வரை பொறுங்கள். எங்கே சத்தம் கூர்மையாகக் காதைக் குத்துகிறதோ அதற்கு அருகில்தான் காரணம் இருக்கிறது. சத்தம் கூடுதலாக இருப்பதைவிடக் கூர்மையாக இருப்பதுதான் அடையாளம். இரும்பு வழியாக எல்லாச் சத்தமும் எல்லா இடத்துக்கும் போகும், ஆனால் தூரம் போகப் போக மழுங்கும்.

காற்று அல்லது புகை கசியும் சத்தத்துக்கு ஸ்குரூ டிரைவர் உதவாது. இரண்டு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் புஸ்புஸ் என்று காதுக்குள்ளேயே ஊதும்.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: லுங்கியோடு ஓடும் இஞ்சின் பக்கம் குனியாதீர்கள். கால்சட்டை போடுங்கள், இல்லையென்றால் லுங்கியை நன்றாகத் தூக்கிக் கச்சமாகக் கட்டுங்கள். தோளில் துண்டு இருந்தால் கழற்றி வையுங்கள். துணி நுனி ஃபேன் பெல்ட்டில் மாட்டினால் கையும் கூடவே போகும்.

டிக்டிக், டக்டக், தட்தட்: இவற்றுக்கு என்ன வித்தியாசம்?

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, கிராங்க் நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால், ஒவ்வொரு வால்வும் 400 தடவைதான் திறந்து மூடும். அதனால் வால்வை அழுத்தும் டேப்பட்டின் சத்தம் வேகம் குறைந்த, மெல்லிய, தையல் மிஷின் ஓடுவது போன்ற டிக்டிக். வால்வ் கவருக்கு மேல் தெளிவாகக் கேட்கும். டேப்பட் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள், சரி செய்தால் போய்விடும். பழைய ஹைலக்ஸ் டீசல்கள் பலவற்றில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றித்தான் இடைவெளி வைக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பொறுமையும் சரியான ஷிம்மும் தேவை.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தால் வரும் சத்தம் வேறு. கதவைக் கை முட்டியால் தட்டுவது போல டக்டக் என்று கனமாக வரும். இஞ்சின் சூடாக ஆக அது கூடும், ஏனென்றால் ஆயில் இளகிவிடும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நின்ற இடத்தில் 2,000 சுற்று வரை ஏற்றி, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். சுற்று இறங்கும் அந்த ஒரு நொடியில் டகடக என்று தெளிவாக அடித்தால் ராடு பேரிங்மீது சந்தேகம் வையுங்கள். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் சத்தம் இதைவிட ஆழமானது. தட்தட் என்று அடியிலிருந்து வரும், காலடித் தகட்டில் அதிர்வாகவே தெரியும். லோடோடு ஏற்றம் ஏறும்போது கூடும்.

பிஸ்டன் சத்தம் காலைக் குளிரில் களிமண் பானையைத் தட்டுவது போல மந்தமாக இருக்கும். பிஸ்டன் சூடேறி விரிந்ததும் தானாகக் குறையும். சூட்டில் கூடுகிறதா, குறைகிறதா என்ற ஒரே கேள்வி ராடு பேரிங்கையும் பிஸ்டனையும் பிரித்துக் காட்டிவிடும். அதனால்தான் "சத்தம் எப்படி?" என்பதைவிட "எப்போது?" என்று நான் முதலில் கேட்கிறேன்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தாலும் டேப்பட் போலவே டிக்டிக் என்று வரும். குளிரில் அதிகம், சூடேறினால் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். டேப்பட் என்று நினைத்து வால்வ் கவரைத் திறக்கும் முன் மேனிஃபோல்ட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட் கிரீச்சிடுகிறது. மாற்ற வேண்டுமா?

ஓடும் பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கிரீச் நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேராக இல்லை அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்வு. மாற்றமே இல்லாமல் கறகறவென்று தொடர்ந்தால் ஏதோ ஒரு புல்லியின் பேரிங். வாட்டர் பம்பாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று அடித்து நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் ஆயில் ஃபில்டர்தான். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வ் இருக்கும். இரவில் ஆயில் சம்புக்குத் திரும்பி வழியாமல் அது பிடித்து வைக்கும். மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் விறைத்துப்போய், இரவு முழுவதும் ஆயில் வழிந்து, காலையில் பேரிங்குகள் சில நொடி வறண்டு சுற்றும். நல்ல ஃபில்டர் போட்ட பிறகும் கேட்டால், செயின் உள்ள இஞ்சினில் செயினையும் டென்ஷனரையும் பாருங்கள்.

"இஞ்சினை இறக்க வேண்டும்" என்று வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள். உண்மையாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் இறக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யாமல் சம்மதிக்காதீர்கள்.

போன வருஷம் முடோன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி 3எல் இஞ்சின் உள்ள டீசல் ஹைலக்ஸோடு வந்தார். ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டி, அந்தக் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் வருமானம். இஞ்சினிலிருந்து டக்டக் என்று கனமான அடி. வேறொரு பட்டறையில் பேரிங் போய்விட்டது, கிராங்க் அரைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் கேட்டிருக்கிறார்கள். பணத்துக்காக அம்மாவின் வளையலை விற்கப் பேசிவிட்டு வந்திருந்தார்.

ஸ்குரூ டிரைவரை சம்பில் வைத்தேன், மழுங்கலாக இருந்தது. ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் வைத்ததும் காது கூசியது. இந்த டீசல்களில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். இஞ்சின் ஆயிலிலேயே அது ஓடும், தேய்ந்தால் பேரிங் போலவே அடிக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஓட்டினோம். டக்டக் இல்லை, வழக்கமான டீசல் ஓசை மட்டும்தான். அந்தத் தம்பி பானட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பழைய பம்ப் ஒன்றை வாங்கி மாட்டி அன்று மாலையே அனுப்பினேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான இஞ்சின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றும், அதனால் பெல்ட் இல்லாமல் அரை நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். அந்த நிலையில் வண்டியை நகர்த்தவும் வேண்டாம், பிரேக்குக்கு வேக்கம் இருக்காது.

அடுத்தது கிளச். பெடலை மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், மிதித்ததும் சத்தம் போனால் கியர் பாக்ஸின் முன் பேரிங். இவை இரண்டுக்கும் இஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. கடைசியாக, ஆயில் விளக்கின் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டச் சொல்லுங்கள். டொயோட்டா எல் வரிசை டீசலில் இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோவுக்குக் குறையக் கூடாது, 3,000 சுற்றில் குறைந்தது 2.5 கிலோ வர வேண்டும். அழுத்தம் நன்றாக இருக்கும்போது யாராவது கிராங்க் அரைக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

எந்த சிலிண்டரில் சத்தம் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பழைய பம்ப் டீசலில் முடியும். இஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஒரு இன்ஜெக்டர் குழாயின் நட்டை 17ஆம் நம்பர் ஸ்பேனரால் சற்றுத் தளர்த்தினால் அந்த சிலிண்டர் எரியாது. சத்தம் அப்போது குறைந்தாலோ மாறினாலோ குற்றவாளி அங்கேதான். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பெட்ரோல் இஞ்சினில் பிளக்குக்குப் போகும் இணைப்பை ஒவ்வொன்றாக எடுத்து இதையே செய்யலாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எடுத்துவிட்டால் ஷாக் அடிக்காது.

டொயோட்டாவின் 1கேடி, 2கேடி, அதற்குப் பிறகு வந்த ஜிடி இஞ்சின் எல்லாம் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை. அவற்றில் இந்த வேலை கூடவே கூடாது. குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கு மேல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் போகும். ஊசி முனை அளவு கசிவுகூட டீசலைத் தோலுக்குள் செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் வலி இல்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காமன் ரெயிலுக்கு ஸ்கேனர் மாட்டி ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவை (டீசலை எவ்வளவு கூட்டிக் குறைத்துத் தெளிக்கிறது என்ற எண்ணை) பார்ப்பதுதான் வழி. ஐடிலில் 3க்கு மேலோ, மைனஸ் 3க்குக் கீழோ போன இன்ஜெக்டரை நான் கழற்றிச் சோதிப்பேன்.

டீசல் போட்டதிலிருந்து இஞ்சின் அதிகமாக அடிக்கிறது.

டீசல் உள்ளே தெளிக்கப்பட்டதும் உடனே பற்ற வேண்டும். பற்றத் தாமதமானால் அதற்குள் அதிகம் சேர்ந்து, எல்லாம் ஒரே வெடிப்பாக எரியும். அந்த வெடிப்புதான் நமக்கு அடியாகக் கேட்கிறது. தரமில்லாத டீசல், தண்ணீர், காற்று, ஒழுகும் நாசில் எல்லாமே இதைச் செய்யும்.

இங்கே மோன் மாநிலத்தில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, முக்கியமாக மே முதல் அக்டோபர் வரை. அந்த ஈரக் காற்று பாதி காலியான டேங்கில் தண்ணீராக இறங்கும். டீசலுக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்த பிறகு பலர் டிரம்மில் வாங்கி வைக்கிறார்கள். டிரம் டீசலை ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, குழாயின் முனை அடியைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே நிற்கும்படி வைத்து உறிஞ்சுங்கள். அடியில் தங்குவதை வண்டிக்கு ஊற்ற வேண்டாம். ஃபில்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் திருகை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை திறந்து கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்பது கண்ணுக்கே தெரியும்.

தண்ணீரைப் போக்கும் மருந்து என்று ஒன்று விற்கிறார்கள். அது சிறு அளவுக்குத்தான். டம்ளரில் தெரிகிற தண்ணீரைத் திருகைத் திறந்துதான் வெளியேற்ற வேண்டும்.

பெட்ரோல் கேரி, ஏற்றத்தில் கிணிகிணி என்று சத்தம் போடுகிறது.

பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் வெடிக்கிறது. ஆக்டேன் 92க்குப் பதில் 95 போட்டு இரண்டு டேங்க் ஓட்டிப் பாருங்கள். சாலையோரம் பாட்டிலில் வாங்கியதாக இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெயிலில் நின்ற பாட்டிலில் ஆவியாகும் நல்ல பகுதி போய்விடும், என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. 95இலும் நிற்கவில்லை என்றால் சிலிண்டருக்குள் கரி படிந்திருக்கலாம். இஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் கேரியில் சூடும் ஒரு காரணம், ரேடியேட்டரையும் பாருங்கள். கரிதான் காரணம் என்றால் டேங்கில் ஊற்றும் கிளீனர் உண்மையிலேயே உதவும்.

வெள்ளத்தில் இறங்கி இஞ்சின் நின்றது. பிறகு ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஒரு அடி கேட்கிறது.

2019 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப் பல வண்டிகள் வந்தன. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரப் பார்க்கும், தண்ணீர் விடாது, நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் வண்டி ஓடும், அடியோடு ஓடும். சில வாரத்தில் ராடு முறிந்து பிளாக்கின் பக்கவாட்டைத் துளைத்து வெளியே வரக்கூடும்.

தண்ணீரில் நின்ற டீசல் இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றித் தண்ணீரை வெளியே துப்ப வைக்க வேண்டும். ஆயிலையும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே அடி கேட்கிறது என்றால் ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்து, குறைந்த ராடைக் கண்டுபிடிக்கலாம். எந்த டப்பாவும் இதற்குப் பதில் ஆகாது.

அப்படியானால் கிளீனர் ஊற்றினால் எந்தச் சத்தம் போகும்?

அழுக்கால் வந்த சத்தம் போகும், தேய்மானத்தால் வந்த சத்தம் போகாது. கிளீனர் செய்வது ஒட்டியதைக் கரைப்பது மட்டும்தான். ஹைட்ராலிக் டேப்பட் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டால் கரைக்கலாம். இன்ஜெக்டர் நுனியில் படிந்த கரியைக் கரைத்துத் தெளிப்பைச் சரியாக்கலாம். தேய்ந்த பேரிங்குக்கு உலோகத்தைத் திரும்பக் கொண்டு வர எந்தத் திரவத்தாலும் முடியாது. மேனிஃபோல்ட் கேஸ்கெட், வளைந்த ராடு, தளர்ந்த செயின் எல்லாமே இந்தக் கணக்குதான். அதனால்தான் முதலில் கேளுங்கள், பிறகு ஊற்றுங்கள் என்கிறேன்.

டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் வேலை செய்யுமா? எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பெட்ரோலுக்கு வாங்கும்போது டப்பாவில் பாலிஈதர் அமைன் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டைத் தாங்கி வால்விலும் சிலிண்டருக்குள்ளும் உள்ள கரியைக் கரைப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் புது வகை இஞ்சினில் இன்லெட் வால்வ் மீது பெட்ரோலே படாது, அதனால் அங்கே சுத்தமாகாது.

டீசலுக்கு டீசல் என்று எழுதியதையே வாங்குங்கள். அளவை டப்பாவில் போட்டபடி வையுங்கள். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தம் வராது. கால் டேங்க் இருக்கும்போது ஊற்றி, மேலே டீசல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். பிறகு டவுனுக்குள் நின்று நின்று ஓட்டாமல், தட்டோன் வரை ஒரே சீராக ஓட்டி வாருங்கள். ஊற்றிய சில நாளில் டீசல் ஃபில்டர் அடைத்தால் பயப்பட வேண்டாம், டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கு கழன்று வந்திருக்கிறது. அதனால் மாற்று ஃபில்டர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். இரண்டு டேங்க் ஓட்டியும் மாற்றம் இல்லையென்றால் மூன்றாவது டப்பாவுக்குச் செலவழிக்காமல், அந்தப் பணத்தை இன்ஜெக்டரைக் கழற்றி மேஜையில் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் கலந்தால் இதே வேலை ஆகாதா? மலிவாயிற்றே.

வேண்டாம். டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு எண்ணெயே டீசல்தான். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அந்த வழுக்கலைக் குறைத்துவிடும். டப்பாவில் மிச்சம் பிடித்ததைப் பம்பில் பல மடங்காகக் கொடுக்க வேண்டி வரும்.

ஆயிலில் ஊற்றும் இஞ்சின் ஃப்ளஷ் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிக்கு அது தேவையே இல்லை. மாற்றாமல் விட்ட வண்டிக்கோ ஆபத்து. இடைப்பட்ட சில வண்டிகளுக்கு மட்டும் பயன்படும்.

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறப் படலம் மட்டும் என்றால் ஃப்ளஷ் ஊற்றலாம். இஞ்சின் சூடாக இருக்கும்போது பழைய ஆயிலிலேயே ஊற்றி, டப்பாவில் சொன்ன நிமிஷம் மட்டும், பெரும்பாலும் 10 நிமிஷம், ஐடிலில் ஓடவிட்டு, உடனே வடித்து ஃபில்டரையும் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது, வண்டியை ஓட்டக் கூடாது. ஆயில் அப்போது நீர்த்துப் போயிருக்கும்.

விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குக் கறுப்புச் சேறு இருந்தால் ஃப்ளஷ் பக்கமே போகாதீர்கள். ஒரு வாடிக்கையாளர் அப்படிப்பட்ட இஞ்சினில் ஃப்ளஷை ஊற்றிக்கொண்டு தட்டோனிலிருந்து சைக்தோ போகக் கிளம்பிவிட்டார். அதிக தூரம் ஓட்டினால் அதிகச் சுத்தம் என்று நல்லெண்ணத்தில்தான் செய்தார். வழியில் ஆயில் விளக்கு மினுமினுத்திருக்கிறது. சம்பைக் கழற்றி நான் பார்த்தபோது, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலை தெரியவே இல்லை. உறைந்த கருப்பட்டிப் பாகு போல அதன் மேல் அப்பியிருந்தது. வலையில் ஒரு ஓரத்தில் சுண்டு விரல் நகம் அளவு மட்டும்தான் திறப்பு. அதன் வழியாகத்தான் அந்த இஞ்சின் அத்தனை தூரமும் ஆயில் குடித்திருக்கிறது. நாலு ராடு பேரிங்கும் போயிருந்தன.

இப்படிப்பட்ட வண்டிக்கு நான் செய்வது இதுதான். சம்பைக் கழற்றி, வலையைக் கையால் கழுவி மாட்டுவேன். நல்ல டீசல் ஆயில், சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40, புது ஃபில்டரோடு ஊற்றி, 1,000 கிலோமீட்டரில் வடிப்பேன். மறுபடி 1,500இல் வடிப்பேன். நல்ல ஆயிலிலேயே கழுவும் மருந்து இருக்கிறது, அது மெதுவாகக் கரைத்து ஃபில்டரில் சேர்க்கும். மூன்றாவது தடவை மூடியைத் திறக்கும்போது இரும்பு தெரிய ஆரம்பித்திருக்கும்.

என்னுடையது 1கேடி. தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வேண்டும். இந்த இஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த புகை வால்வ் கவருக்குள்ளேயே புகுந்து ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி கெட்டியாகி உறிஞ்சும் வலையை அடைக்கும். வெளியே எதுவும் தெரியாது. ஸ்டார்ட் செய்த பிறகு ஆயில் விளக்கு அணைய முன்பைவிட நேரம் எடுத்தால் அதுதான் எச்சரிக்கை. வாஷர் மாற்றிய சரித்திரம் தெரியாத வண்டி வாங்கியிருந்தால் ஃப்ளஷ் ஊற்றாமல் சம்பைத் திறந்து வலையைப் பாருங்கள், நாலு வாஷரையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் விளக்கு டேஷ்போர்டில் எரிந்தால் அதையும் சாதாரணமாக எடுக்காதீர்கள், பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

காற்று வழியில் ஸ்ப்ரே அடித்துக் கரியை எடுக்கலாமா?

டீசலில் வேண்டாம். ஸ்ப்ரேயே எரிபொருளாக மாறி இஞ்சின் கட்டுக்கடங்காமல் சுற்றக் கூடும், கரித் துண்டுகளும் கழன்று உள்ளே போகும். இன்டேக்கைக் கழற்றி வெளியே வைத்துக் கழுவுங்கள். அரை நாள் வேலை.

ஆயிலைக் கெட்டியாக்கும் மருந்து ஊற்றினேன், சத்தம் குறைந்துவிட்டதே?

இடைவெளியில் தேன் போல எதையாவது நிரப்பினால் அடி மெத்தென்றுதான் கேட்கும். தேய்மானம் தொடர்ந்து நடக்கும், அதை நீங்கள் கேட்கும் வழிதான் அடைபட்டுவிட்டது. விற்கிறவர்கள் சிலர் இதைத்தான் செய்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகும்போது "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். ஆயில் குச்சியிலிருந்து சொட்டு விழாமல் நூல் போல இழுத்தால் அந்த வண்டி எனக்கு வேண்டாம்.

பீலிக்கான் கோயிலுக்குக் குடும்பத்தோடு பிக்கப்பில் போகிறோம். கிளம்பும் முன் ஏதாவது ஊற்றிக்கொள்ளலாமா?

நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் புதிதாக எதையும் ஊற்றாதீர்கள். இங்கிருந்து ரங்கூனே சுமார் 300 கிலோமீட்டர், அதற்கும் மேலே சிரியம் தாண்டிப் போக வேண்டும். ஃபில்டர் அடைத்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் பெரியவர்களும் வெயிலில் நிற்க வேண்டும். கிளீனர் ஊற்றுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னால் ஊற்றி முடியுங்கள். கிளம்பும் காலையில் ஆயில், தண்ணீர், பெல்ட் பாருங்கள், அரை காலன் ஆயில் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தை போனில் பதிவு செய்து மெக்கானிக்குக்கு அனுப்பலாமா?

தாராளமாக. சாவியைத் திருப்புவதற்கு முன்பே பதிவைத் தொடங்குங்கள், இரவு முழுவதும் நின்ற வண்டியாக இருக்கட்டும். ஒரு நிமிஷம் ஐடில், பிறகு மெதுவாக 2,000 சுற்று, சட்டென்று விடுவது. போனை ஃபேனுக்கு எதிரே பிடித்தால் காற்றுதான் கேட்கும், பக்கவாட்டில் பிடியுங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு இதே போல இன்னொன்று எடுங்கள். கூடவே கடைசியாக ஆயில் மாற்றிய கிலோமீட்டர், டேங்கிலும் ஆயிலிலும் இதுவரை என்னென்ன ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். டப்பா தீர்ந்துபோயிருந்தாலும் எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள், லேபிளைப் பார்த்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.